பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு... காலில் ஒரு சின்ன வீக்கம்!

2012 ஜூன் 7, வியாழக்கிழமை. நியூயார்க் நகரை ஒட்டிய பெல்மான்ட் பார்க் குதிரைப் பந்தய மைதானம். மதியத்துக்குப் பிறகு, லாயத்தில் நின்றிருந்த மூன்று வயதுக் குதிரை ஒன்றின் இடது முன்னங்காலில் லேசான வீக்கம் தென்பட்டது. முழங்காலுக்குக் கீழே, காலின் பின்பக்கத்தில் வழக்கமாகத் தெளிவாகத் தெரியும் கோடு கொஞ்சம் மங்கியிருந்தது. அவ்வளவுதான். வெளியாள் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

வேறு ஒரு குதிரை, வேறு ஒரு வாரம் என்றால் இது செய்தியே கிடையாது. ஆனால், அந்தக் குதிரையின் பெயர் 'ஐல் ஹேவ் அனதர்'. இரண்டு நாள் கழித்து அது ஓடவிருந்த பந்தயத்துக்காக அமெரிக்காவே 34 வருடங்களாகக் காத்திருந்தது.

அந்தச் சின்ன வீக்கத்தை என்ன செய்வது? குதிரை வளர்ப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் சந்திக்கும் கேள்வி இது. உள்ளூர்ப் போட்டியாக இருந்தாலும் ஒலிம்பிக்காக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். ஓட விடலாமா, வேண்டாமா?

பிஸ்கட்டில் பிறந்த பெயர்!

அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களில் மூன்று பந்தயங்கள் மிகப் பெரியவை. கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட். ஐந்தே வாரங்களில் மூன்றும் முடிந்துவிடும். மூன்றையும் ஒரே குதிரை ஜெயித்தால் 'ட்ரிபிள் கிரவுன்' பட்டம். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே இவற்றில் ஓட முடியும். அதாவது, ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1978-ல் 'அஃபர்ம்ட்' என்ற குதிரை ஜெயித்த பிறகு, 2012 வரை வேறு எந்தக் குதிரையாலும் மூன்றையும் ஜெயிக்க முடியவில்லை.

'ஐல் ஹேவ் அனதர்' பெரிய விலை கொடுத்து வாங்கிய குதிரை அல்ல. ஒரு வயதில் 11,000 டாலருக்கு விலைபோனது. இரண்டு வயதில் 35,000 டாலருக்குக் கைமாறி, பால் ரெட்டம் என்ற தொழிலதிபரிடம் வந்தது. ஒரு காலத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். வீட்டில் மனைவி பிஸ்கட் தட்டை நீட்டும்போதெல்லாம் 'இன்னும் ஒண்ணு எடுத்துக்கறேன்' என்று அவர் சொல்வாராம். அதையே குதிரைக்குப் பெயராக வைத்துவிட்டார்.

ஜாக்கி மாரியோ குட்டியரஸுக்கு அப்போது 25 வயது. மெக்சிகோவில் பிறந்து, கனடாவின் வான்கூவரில் சின்ன மைதானமொன்றில் ஓட்டிக்கொண்டிருந்தவர். டெர்பியில் அவர் இறங்கியது அதுவே முதல்முறை. குதிரைக்குக் கிடைத்ததோ வெளிக்கோடியில், 19-ம் எண் வாயில். அந்த வாயிலிலிருந்து கிளம்பி டெர்பியை ஜெயித்த குதிரை அதுவரை ஒன்றுகூடக் கிடையாது. மே 5-ம் தேதி இது ஜெயித்தது. இரண்டு வாரம் கழித்து பிரீக்னஸ் பந்தயத்தில், கடைசி நொடியில் எட்டிப் பிடித்து, ஒரு கழுத்து நீள வித்தியாசத்தில் மீண்டும் ஜெயித்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பந்தயம். 2.4 கிலோமீட்டர் ஓட்டம். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த வீக்கம்.

குதிரை நிற்பது ஒற்றை விரலில்

ஒரு சின்ன வீக்கத்துக்கு இவ்வளவு பயம் ஏன் என்று புரிய, குதிரையின் காலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குதிரையின் முன்னங்காலில் 'முழங்கால்' என்று நாம் சொல்லும் இடம், உண்மையில் நம் கை மணிக்கட்டுக்குச் சமமான மூட்டு. அதற்குக் கீழே இருப்பது உள்ளங்கை எலும்பும் ஒரே ஒரு விரலும். குளம்பு என்பது அந்த விரலின் நகம். சுமார் 500 கிலோ எடையுள்ள பிராணி, ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில் நின்று ஓடுகிறது.

முழங்காலுக்குக் கீழே சதை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. தோல், எலும்பு, ரத்தக் குழாய்கள், பிறகு கயிறுபோல இறங்கும் தசைநாண்கள். காலின் பின்பக்கம் ஓடும் தசைநாண்கள் ரப்பர் பேண்ட்போல வேலை செய்கின்றன. கால் தரையில் ஊன்றும்போது இழுபட்டு, எழும்பும்போது சுருங்கி, குதிரையை முன்னால் தள்ளுகின்றன. நாலுகால் பாய்ச்சலில், ஒரு கணம் முழு உடலும் ஒரே காலின் மேல் இருக்கும். அப்போது அந்தக் காலில் இறங்கும் பாரம், குதிரையின் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தசைநாண் தன் தாங்கும் சக்தியின் எல்லைக்குப் பக்கத்தில் வேலை செய்யும் நேரம் அது.

நன்றாக இருக்கும் தசைநாண் இதைத் தாங்கிவிடும். ஏற்கெனவே சில இழைகள் நைந்துபோயிருந்தால்? நைந்த கயிற்றில் கிணற்று வாளியை இறக்குவதுபோலத்தான். இந்த முறை தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால், காயம் பட்டால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பெரிய காயம் என்றால் ஒரு வருடம்கூட ஆகலாம். ஆறிய இடத்தில் தழும்புத் திசுதான் வளரும். அதற்குப் பழைய நெகிழ்ச்சி இருக்காது. மீண்டும் அதே இடத்தில் அடிபடும் ஆபத்து எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்.

எல்லா வீக்கமும் ஆபத்தா?

இல்லை. பஸ்ஸில் ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்த பாட்டிக்கு, காலையில் பாதம் வீங்கியிருக்கும். கொஞ்சம் நடந்தால் வடிந்துவிடும். குதிரைக்கும் இப்படி ஆவது உண்டு. வழக்கமாக ஓடியாடும் குதிரை, மழையாலோ பயணத்தாலோ ஒருநாள் முழுக்க லாயத்திலேயே நின்றால், காலில் நீர் இறங்கிவிடும். குதிரை நடக்கும்போது குளம்பு அழுந்தி விரிவதுதான், காலிலிருந்து ரத்தம் மேலே ஏற உதவுகிறது. நடை நின்றால் அந்த 'பம்ப்'பும் மந்தமாகிவிடும்.

இப்படி வரும் வீக்கத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டு கால்களிலும், அதிலும் பின்னங்கால்களில் சமமாக இருக்கும். தொட்டால் சூடு இருக்காது. அழுத்தினால் குதிரை காலை இழுக்காது. பத்து, இருபது நிமிடம் நடக்கவிட்டால் குறைந்துவிடும். அதோடு, வயதான பந்தயக் குதிரைகளுக்குக் கணு மூட்டுக்கு மேலே மெத்தென்ற சின்னப் புடைப்புகள் இருப்பதும் சகஜம். வருடக்கணக்கில் அப்படியே இருந்து, வலியும் சூடும் இல்லையென்றால் அவற்றால் பெரிய தொல்லை இருக்காது.

கவலைப்பட வேண்டிய வீக்கம் வேறு மாதிரி. ஒரே ஒரு காலில் வரும். தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும். அழுத்தினால் குதிரை சுருக்கென்று காலை இழுக்கும். நடக்கவிட்டுக் குறைந்தாலும், ஓடி முடித்து ஓய்ந்த பிறகு மறுபடியும் வரும். கால் முழுக்கத் தூண்போல வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், தோலுக்கு அடியில் கிருமித்தொற்று இருக்கலாம். மூட்டுக்குப் பக்கத்தில் முள் குத்தியதுபோல ஒரு சின்னத் துளை தெரிந்தால், வீக்கம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது அவசர சிகிச்சை விஷயம். மூட்டுக்குள் கிருமி புகுந்தால் குதிரையின் உயிருக்கே ஆபத்து.

வீக்கத்தின் அளவை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. இரண்டு கால்களும் பெரிதாக வீங்கிய குதிரை மறுநாள் ஜோராக ஓடலாம். விரலளவு வீக்கம் உள்ள குதிரை, வாழ்நாளில் மறுபடியும் ஓட முடியாமலே போகலாம்.

கையால் பார்ப்பது... கண்ணால் பார்ப்பது...

நல்ல லாயங்களில் தினமும் காலையில் நடக்கும் வேலை ஒன்று உண்டு. குதிரையை வெளியே கொண்டுவருவதற்கு முன்பே, பராமரிப்பாளர் குனிந்து நான்கு கால்களையும் கையால் தடவிப் பார்ப்பார். சூட்டைக் கண்டுபிடிக்கப் புறங்கை உதவும். ஒரு காலைத் தொட்டவுடன் ஜோடிக் காலையும் தொட்டு ஒப்பிட வேண்டும். பிறகு, காலைத் தூக்கி மடக்கி, பாரம் இல்லாத நிலையில் தசைநாணை விரல்களுக்கு இடையே மெதுவாக அழுத்திப் பார்ப்பார். கணு மூட்டுக்குப் பக்கத்தில் நாடித்துடிப்பு பலமாக இருந்தால், பிரச்னை குளம்பில் இருக்கலாம். உடல் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு.

அடுத்து, கெட்டியான சமதரையில், தளர்த்திப் பிடித்த கயிற்றோடு குதிரையை நடக்கவிட்டு, பிறகு மெதுவாக ஓடவிட வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது தலையை. முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தலை தாழும்.

சந்தேகம் வந்தால் முதலுதவி எளிது. ஓட்டம் கூடாது, ஓய்வு வேண்டும். குழாயில் குளிர்ந்த நீரை 15 முதல் 20 நிமிடம் காலில் விட வேண்டும். ஐஸ் வைத்த காலுறையும் பயன்படுத்தலாம். சில மணி நேரம் விட்டு மறுபடியும் செய்யலாம். பழகிய கை என்றால் மெத்தை வைத்துக் கட்டுப் போடலாம். ஆனால் ஓரிடத்தில் மட்டும் இறுக்கிக் கட்டினால், அந்தக் கட்டே தசைநாணைக் காயப்படுத்திவிடும். மீதியைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உள்ளே இழை கிழிந்திருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும்.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. வலி மாத்திரை கொடுத்து ஓடவைப்பது. வலி என்பது குதிரைக்கு இருக்கும் ஒரே பிரேக். அதைக் கழற்றிவிட்டால், கிழிந்துகொண்டிருக்கும் கால்மேல் அது முழு வேகத்தில் ஓடும். சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் இத்தகைய வலிநிவாரணிகளோடு களமிறங்கத் தடை உண்டு. ஒலிம்பிக்கின் மூன்று கட்டப் போட்டியில், போட்டி தொடங்கும் முன்பு ஒருமுறை, கடைசிக் கட்டமான தடை தாண்டுதலுக்கு முன்பு ஒருமுறை, ஒவ்வொரு குதிரையும் மருத்துவர், நடுவர்கள் முன்னால் ஓடிக்காட்ட வேண்டும். கொஞ்சம் நொண்டினாலும் வெளியே போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை

மீண்டும் பெல்மான்ட் பார்க். வீக்கத்தைப் பார்த்த பயிற்சியாளர் டக் ஓ'நீல், எங்காவது இடித்துக்கொண்டிருக்கும் என்று நம்பவே விரும்பினார். வெள்ளி அதிகாலையில் குதிரை பாதையில் இறங்கியது. பார்க்க நன்றாகவே ஓடியது. ஆனால், உடல் சூடு தணிந்து லாயத்துக்குத் திரும்பிய பிறகு, வீக்கம் மறுபடியும் வந்துவிட்டது.

மருத்துவர் வரவழைக்கப்பட்டார். ஸ்கேன் எடுக்கப்பட்டது. இடது முன்னங்காலின் பின்பக்கத் தசைநாணில் அழற்சியின் ஆரம்பம். கிழிந்து தொங்கும் காயம் எதுவும் இல்லை, தொடக்கநிலைதான். மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு கொடுத்தால் மறுபடியும் பயிற்சியை ஆரம்பிக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது.

மிச்சம் இருந்ததோ ஒரே நாள். குதிரையால் அந்த ஒரு பந்தயம் ஓடியிருக்க முடியுமா? ஓடியிருக்கலாம். ஜெயித்தும் இருக்கலாம். பாதி வழியில் கால் போயிருக்கவும் வாய்ப்புண்டு. கேள்வி குதிரையால் முடியுமா என்பதோடு நிற்கவில்லை. அந்த ஆபத்தைக் குதிரையின் தலையில் கட்ட நமக்கு உரிமை உண்டா என்பதுதான் மிச்சக் கேள்வி. ஓ'நீலும் ரெட்டமும் அன்றே முடிவெடுத்தார்கள். குதிரை ஓடாது. அது மட்டுமல்ல, பந்தய வாழ்க்கையிலிருந்தே அதற்கு ஓய்வு.

செய்தி வெளியானபோது பலரால் நம்ப முடியவில்லை. சிலர் சந்தேகப்படவும் செய்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பழைய வழக்கு ஒன்றில், அவர் பயிற்சி கொடுத்த வேறொரு குதிரையின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக, கலிஃபோர்னியா பந்தய வாரியம் ஓ'நீலுக்கு 45 நாள் தடை விதித்திருந்தது. அந்தச் செய்தி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தவறு எதுவும் செய்யவில்லை என்று அவர் மறுத்துவந்தார். பெல்மான்டில் ஓடும் குதிரைகள் எல்லாவற்றையும் ஒரே லாயத்தில் வைத்துக் காவல் போட்டிருந்ததும் பேச்சுக்கு இடம் கொடுத்தது. ஆனால், காலில் என்ன இருந்தது என்பதில் ஊகத்துக்கு வேலை இல்லை. ஸ்கேன் இருந்தது.

சேணம் இறங்கியது

2012 ஜூன் 9, சனிக்கிழமை. ட்ரிபிள் கிரவுன் கனவு போய்விட்டது என்று தெரிந்தும், 85,000 பேருக்கு மேல் மைதானத்துக்கு வந்திருந்தார்கள். பந்தயத்துக்கு முன், 'ஐல் ஹேவ் அனதர்' வெற்றியாளர் நிற்கும் இடத்துக்கு அழைத்து வரப்பட்டது. கூட்டம் கைதட்ட, அதன் முதுகிலிருந்து சேணம் கழற்றப்பட்டது. பார்க்கப் பளபளவென்று, ஒரு குறையும் இல்லாத குதிரை.

அன்று பந்தயத்தை ஜெயித்தது 'யூனியன் ராக்ஸ்'. அதன் பயிற்சியாளர் மைக்கேல் மட்ஸ். குதிரையின் கால் என்றால் என்ன என்பதை அவரைவிட வலியோடு தெரிந்துகொண்டவர்கள் குறைவு. 2006-ல் அவருடைய 'பார்பரோ' கென்டக்கி டெர்பியை ஜெயித்து, அடுத்து பிரீக்னஸ் பந்தயத்தில் ஓடியபோது, கிளம்பிய சிறிது நேரத்திலேயே பின்னங்கால் நொறுங்கியது. எட்டு மாத சிகிச்சைக்குப் பிறகும் காப்பாற்ற முடியவில்லை. 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. பெல்மான்டை ஜெயித்த 'யூனியன் ராக்ஸ்' குதிரையும் சில வாரங்களிலேயே முன்னங்கால் தசைநார்க் காயத்தால் ஓய்வுபெற்றது.

அதற்குப் பிறகும் இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. 2018-ல் மூன்று பந்தயங்களையும் ஜெயித்த 'ஜஸ்டிஃபை', அடுத்த மாதமே இடது முன்னங்கால் கணு மூட்டில் வந்த வீக்கத்தால் ஓய்வுபெற்றது. அது தோற்றதே கிடையாது. 2023 கென்டக்கி டெர்பியில் ஜெயிக்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட 'ஃபோர்ட்டே'யை, பந்தய நாள் காலையில் அரசு கால்நடை மருத்துவர்கள் நிறுத்தினார்கள். வலது முன் குளம்பில் கன்றிப்போன காயம். உரிமையாளர் தரப்பு ஓடவைக்கத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் கடைசி வார்த்தை மருத்துவருடையது. ஐந்து வாரம் கழித்து அதே குதிரை பெல்மான்டில் ஓடி இரண்டாவது இடம் பிடித்தது. டெர்பி கைவிட்டுப் போனது, ஆனால் கால் மிஞ்சியது.

ஒரு நாளா... ஒரு ஆயுளா?

போட்டிக்கு முந்தைய நாள் எல்லோரின் மனசும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது. வண்டி பேசியாகிவிட்டது. பிள்ளை ஆறு மாதமாகப் பயிற்சி எடுத்திருக்கிறது. 'சின்ன வீக்கம்தானே, நடந்தா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால், நம்பத் தோன்றும். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான், ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையையும் கண்ணையும் மருத்துவரையும் நம்ப வேண்டியிருக்கிறது. இரண்டு கால்களிலும் சமமாக வந்து, சூடும் வலியும் இல்லாமல், நடந்ததும் வடிந்து, திரும்ப வராவிட்டால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போட்டிக்குக் கிளம்பலாம். சூடோ, வலியோ, நொண்டலோ இருந்தாலும், வீக்கம் திரும்ப வந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

குதிரைக்கு வாயில்லை. நாளைக்குப் போட்டி என்பதும் தெரியாது. ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்றும் தெரியாது. ஓடச் சொன்னால் ஓடும்.

'ஐல் ஹேவ் அனதர்' ட்ரிபிள் கிரவுன் ஜெயிக்கவில்லை. 2015-ல் 'அமெரிக்கன் ஃபரோ' அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது. ஆனால், அன்று லாயத்துக்குத் திரும்பிய குதிரை பிறகு கப்பலேறாமல் விமானத்திலேயே ஜப்பான் போனது. ஹொக்கைடோ தீவின் பண்ணையில் குட்டிகளுக்குத் தகப்பனானது. வருடங்கள் கழித்து மறுபடியும் கலிஃபோர்னியாவுக்கே திரும்பியது. தன் நான்கு கால்களில் நடந்து.